இல்லாத வரலாற்றைத் தேடிய படம்

வரலாறும் ஒருவகைச் சொத்துதான். அதுவும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பொருளாதாரம் கற்பித்த எனக்கு இதைத் தெளிவாக உணர்த்தியது, 1996-இல் வெளியான 'தி வாட்டர்மெலன் வுமன்' என்ற அமெரிக்கச் சுயாதீனத் திரைப்படம். கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படமாக இது கருதப்படுகிறது.

இயக்குநர் செரில் டன்யேவே இதன் நாயகி. பிலடெல்பியாவில் வீடியோ வாடகைக் கடையில் பணிபுரியும் செரில், 1930-களின் படமொன்றில் பணிப்பெண்ணாக நடித்த கறுப்பின நடிகையைக் காண்கிறார். திரையில் அந்நடிகைக்குப் பெயரில்லை; பட்டப்பெயர் மட்டுமே உண்டு. நூலகம், காப்பகம் என்று தேடி அலையும் செரில், அவரும் தம்மைப்போல் பெண்ணை நேசித்தவர் என்று அறிகிறார். பிறரைத் தேடும் முயற்சி தம்மை அறியும் முயற்சியாகிறது. அந்நடிகை கற்பனைப் பாத்திரம் என்பது படத்தின் முடிவில்தான் தெரியவருகிறது.

கற்பனை ஏன் தேவைப்பட்டது? அத்தகைய பெண்களின் வாழ்வைச் சேமித்துவைக்க வேண்டும் என்று காப்பகங்கள் கருதவில்லை. ஆவணம் இல்லாதவர், வரலாற்றிலும் இல்லாதவராகிறார்.

ஏறத்தாழ 3 லட்சம் டாலரில் உருவான இப்படத்துக்கு, அமெரிக்க அரசின் தேசியக் கலை அறக்கட்டளை அளித்த நல்கை 31,500 டாலர். அச்சிறு தொகைக்கே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும், 2021-இல் அதே படம், காக்கத்தக்க பண்பாட்டுச் செல்வமாகத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

சந்தை, விலைபோகும் நினைவுகளையே பேணும். எஞ்சியவற்றைக் காப்பது பொதுப் பணத்தின் கடமை. அதைச் செலவு என்பதைவிட முதலீடு என்பதே பொருந்தும்.