1005 யாரு?

போன மாசம் ஒரு பழைய யூனிக்ஸ் சர்வரைப் பார்க்கச் சொல்லி என்கிட்ட கொடுத்தாங்க. எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. லாகின் ஆக அரை நிமிஷம் ஆகுதுங்கிறதுதான் புகார். உள்ளே போய் ஒரு ஃபோல்டரை லிஸ்ட் பண்ணினா, ஃபைலோட சொந்தக்காரர் பெயர் வரவேண்டிய இடத்துல 1005-ன்னு வெறும் நம்பர். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்னு அப்புறம் தெரிஞ்சுது. யூசர் விவரங்களை எங்கே தேடணும்னு சொல்ற கான்ஃபிக் ஃபைல்ல ரெண்டு வார்த்தை இருந்தது: ஃபைல்ஸ், என்ஐஎஸ். முதல்ல இந்த மெஷின்லயே தேடு, இல்லைன்னா என்ஐஎஸ் சர்வரைக் கேளுன்னு அர்த்தம். அந்த ரெண்டாவது வார்த்தை நான் பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

கொஞ்சம் பின்னாடி போகலாம். 1970-களின் தொடக்கத்துல, அர்பாநெட்ல இருந்த ஒவ்வொரு இடமும் மத்த கம்ப்யூட்டர்களின் பெயர், முகவரிப் பட்டியலைத் தானே வச்சிருந்தது. ஒருத்தர் பட்டியல் மாதிரி இன்னொருத்தர் பட்டியல் இருக்காது, பாதி பழசு. இந்தக் கூத்து போதும், அதிகாரப்பூர்வமா ஒரே பட்டியலை ஆன்லைன்ல வைங்கன்னு பீட்டர் டாய்ச் 1973 டிசம்பர்ல ஒரு ஆர்எஃப்சி எழுதினார். கலிஃபோர்னியா மென்லோ பார்க்ல, எலிசபெத் ஃபைன்லர் நடத்திய தகவல் மையம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கிச்சு. புதுசா ஒரு மெஷின் சேரணும்னா அவங்க ஆபீஸ் நேரத்துல போன் போட்டுச் சொல்லணும். மத்தவங்க எல்லாம் அந்த ஹோஸ்ட்ஸ் ஃபைலை டவுன்லோட் பண்ணிக்கணும். மெஷின்கள் பெருகப் பெருக ஃபைலும் பெருசாகுது, டவுன்லோட் பண்றவங்களும் கூடுறாங்க. ரெண்டும் சேர்ந்து நெட்வொர்க்கையே அமுக்க ஆரம்பிச்சுது. 1983-ல பால் மொகாபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சதும் அதனாலதான்.

ஆனா டிஎன்எஸ் மெஷின்களோட பெயர்ச் சிக்கலைத்தான் தீர்த்துச்சு. மனுஷங்களோட பெயர்?

அதுவரைக்கும் ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பெரிய யூனிக்ஸ் மெஷின், அதைச் சுத்தி டெர்மினல்கள். பாஸ்வேர்ட் ஃபைல் ஒண்ணே ஒண்ணு, சண்டையே இல்லை. 1982-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தொடங்குச்சு. ஒவ்வொரு மேஜையிலயும் தனித்தனியா ஒரு யூனிக்ஸ் மெஷின் வந்து உட்கார்ந்துச்சு. ஐம்பது மேஜைன்னா ஐம்பது பாஸ்வேர்ட் ஃபைல். புதுசா ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்தா அட்மின் ஐம்பது இடத்துல அவர் பெயரைச் சேர்க்கணும். ராத்திரியில காப்பி பண்ற ஸ்கிரிப்ட் எழுதலாம்தான். அன்னிக்கு யாராவது மெஷினை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டா, காலையில அது மட்டும் பழைய உலகத்துலயே இருக்கும்.

இது வெறும் சோம்பேறித்தனப் பிரச்சனையா இருந்த வரைக்கும் எல்லாரும் சமாளிச்சாங்க. அதை ஆபத்தான பிரச்சனையா மாத்தினது சன் கொண்டு வந்த என்எஃப்எஸ். வேற மெஷின்ல இருக்கிற டிஸ்க்கை உங்க டிஸ்க் மாதிரியே பயன்படுத்த வைக்கிற சிஸ்டம் அது. யூனிக்ஸ்ல ஒரு ஃபைலோட சொந்தக்காரர் பெயரா எழுதப்பட்டிருக்காது. யூஐடின்னு ஒரு நம்பராத்தான் இருக்கும். என்எஃப்எஸ் நெட்வொர்க்ல அனுப்பினதும் அந்த நம்பரைத்தான். உங்க மெஷின்ல 1005 நீங்க. ஃபைல் சர்வர்ல 1005 பக்கத்து டீம்காரர். அப்போ அவருடைய பிரைவேட் ஃபைல்கள் எல்லாம் உங்களுக்குத் திறந்த வீடு. யாரும் எதையும் ஹேக் பண்ணலை. ரெண்டு லிஸ்ட் ஒத்துப்போகலை, அவ்வளவுதான்.

என்எஃப்எஸ் பத்தி சன் இன்ஜினியர்கள் 1985-ல எழுதிய பேப்பர்ல இதை மறைக்காமப் பேசியிருக்காங்க. எல்லா மெஷினிலும் ஒரு நம்பர் ஒரே ஆளைத்தான் குறிக்கணும். அதுக்காகக் கூடவே ஒரு சர்வீஸ் தர்றோம்னு சொன்னாங்க. அதுதான் எல்லோ பேஜஸ், சுருக்கமா ஒய்பி. மஞ்சள் கலர் டெலிபோன் டைரக்டரி ஞாபகத்துல வச்ச பெயர். பிரிட்டன்ல அந்தப் பெயர் அப்போ பிரிட்டிஷ் டெலிகாமோட டிரேட்மார்க்கா இருந்தது. அதனால பின்னாடி நெட்வொர்க் இன்ஃபர்மேஷன் சர்வீஸ், என்ஐஎஸ்னு மாத்தினாங்க. கமாண்டுகளை மாத்தலை. ஒய்பிபைண்ட், ஒய்பிகேட், ஒய்பிபுஷ்னு எல்லாம் ஒய்பியிலயே நின்னுடுச்சு.

வேலை செய்ற விதம் எளிமை. ஒரே ஒரு மாஸ்டர் சர்வர்ல சாதாரண டெக்ஸ்ட் ஃபைலை எடிட் பண்ணுவீங்க. அப்புறம் 'மேக்' கமாண்ட் ஓட்டினா, அது மேப்-னு சொல்ற சின்ன டேட்டாபேஸா மாறும். பெயரை வச்சுத் தேட ஒண்ணு, நம்பரை வச்சுத் தேட இன்னொண்ணு. உடனே ஸ்லேவ் சர்வர்களுக்கு (அப்போ அப்படித்தான் சொன்னாங்க) புது மேப் வந்திருக்குன்னு செய்தி போகும். அவங்க வந்து எடுத்துக்குவாங்க. இதுல எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. செய்தி போற நேரத்துல ஒரு ஸ்லேவ் ஆஃப்ல இருந்தா? அதுக்குன்னே மணிக்கு ஒரு தடவை, நாளைக்கு ஒரு தடவைன்னு கிரான்ல ஓட ஸ்கிரிப்ட்களும் கூடவே கொடுத்தாங்க. மாஸ்டர்கிட்ட இருக்கிற மேப்போட நேரத்தைப் பார், நம்மோடதைவிடப் புதுசுன்னா எடுத்துக்கோ. சொல்லவும் செய், தானா வந்து கேட்கவும் செய். ஒருத்தர் பாஸ்வேர்டை மாத்தினாக்கூட முழு மேப்பையும் காப்பி பண்ணும்ங்கிறது தனி சோகம்.

பெரிய ஓட்டை நம்பிக்கையில இருந்தது. கிளையன்ட் மெஷின் பூட் ஆகும்போது நெட்வொர்க்ல சத்தமா, இங்க யாராவது சர்வர் இருக்கீங்களான்னு கேக்கும். யார் முதல்ல பதில் சொன்னாலும் அவங்கதான் சர்வர். அடையாள அட்டை எல்லாம் கேக்காது. எதிர்ப்பக்கமும் அப்படியே. ஒய்பிகேட்ல பாஸ்வேர்ட் மேப்பைக் கேட்டா, எல்லாரோட என்கிரிப்ட் ஆன பாஸ்வேர்டும் திரையில வந்து கொட்டும். 1991-ல அலெக் மஃபெட் 'கிராக்' புரோகிராமை வெளியிட்டதும், அந்த லிஸ்ட்டை வச்சு யார் வேணாலும் பாஸ்வேர்டுகளை யூகிக்கலாம்னு ஆயிடுச்சு.

சன் விடலை, பாதுகாப்போட என்ஐஎஸ் பிளஸ்-னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அதை அமைக்கிறதே பெரும்பாடுன்னு அட்மின்கள் பலரும் பழைய என்ஐஎஸ்ஸையே கட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள லாகின் வேலை செய்யணும்னா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அப்புறம் எல்டாப் வந்தது. 1998-ல வந்த ஆர்எஃப்சி 2307, என்ஐஎஸ் மேப்புகளை எல்டாப்ல எப்படி வைக்கிறதுன்னு வழி சொல்லுச்சு. 2022-ல ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல என்ஐஎஸ் பேக்கேஜ்களையே தூக்கிட்டாங்க.

செத்துப்போன டெக்னாலஜின்னு நினைச்சீங்கன்னா, டாக்கர் கன்டெய்னர்ல வால்யூம் மவுன்ட் பண்ணி, 'பெர்மிஷன் டினைட்' வந்து மண்டையைப் பிச்சுக்கிட்டது ஞாபகம் இருக்கா? உள்ளே 1000 ஒருத்தர், வெளியே 1000 வேற ஒருத்தர். அதே கதை. குபர்நெட்டீஸ் தன் கான்ஃபிக் எல்லாத்தையும் வைக்கிற எட்சிடியோட பெயர்லயே, யூனிக்ஸோட அந்தப் பழைய எட்சி ஃபோல்டர் இருக்கு. கடைசி டி, டிஸ்ட்ரிபியூட்டட். பாதிக்கு மேல சர்வர்கள் ஒத்துக்காம அது எந்த மாற்றத்தையும் ஏத்துக்காது.

சரி, என் சர்வருக்கு வர்றேன். கான்ஃபிக்ல எழுதியிருந்த என்ஐஎஸ் மாஸ்டரோட ஐபியை பிங் பண்ணினேன். பதில் வந்துச்சு, சந்தோஷமாயிட்டேன். பிரவுசர்ல போட்டுப் பார்த்தா அது ஒரு பிரிண்டர். மாஸ்டரை எப்பவோ கழட்டிட்டாங்க, ஐபியை வேற எதுக்கோ கொடுத்துட்டாங்க. ஒவ்வொரு லாகினும் அந்த பிரிண்டர்கிட்ட ஆளை விசாரிச்சுட்டு, பதில் வராம அரை நிமிஷம் காத்திருந்திருக்கு. என்ஐஎஸ்ங்கிற வார்த்தையை எடுத்தேன், லாகின் சட்டுன்னு ஆச்சு.

1005 மட்டும் அப்படியே இருக்கு. அவருடைய ஃபோல்டர்ல நாற்பது ஜிபி டேட்டா, கடைசியா தொட்டது 2011-ல. அழிக்கலாமான்னு கேட்டேன். அவரு யாருன்னு தெரியாம எப்படி அழிக்கிறதுன்னு மேனேஜர் கேட்டார். அந்தப் பெயர் தெரிஞ்ச ஒரே மேப் அந்த மாஸ்டர்லதான் இருந்தது.