அதோனிராம் ஜட்சன்

அதோனிராம் ஜட்சன் (9 ஆகஸ்ட் 1788 – 12 ஏப்ரல் 1850) பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி. விவிலியம் முழுவதையும் மூலமொழிகளிலிருந்து பர்மிய மொழிக்குப் பெயர்த்தவர்.

பிறப்பும் அழைப்பும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் ஊரில், கொங்கிரிகேஷனல் சபைப் போதகரின் மகனாகப் பிறந்தார். அம்மாநிலத்தில் அதுவே அரசின் ஆதரவு பெற்ற சபை; 1833 வரை மக்களின் வரிப்பணம் அதைத் தாங்கியது. 1812 பிப்ரவரி 6 அன்று சேலம் நகரில் போதகராக அபிஷேகம் பெற்றார். அதே மாதம் மனைவி ஆனுடன் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

சபையைவிட்டு விலகல்

வங்காளத்தில் வில்லியம் கேரி முதலான பாப்டிஸ்ட் மிஷனரிகளைச் சந்திக்க வேண்டியிருந்தது. தம் சபை கொடுத்துவந்த குழந்தை ஞானஸ்நானத்தை அவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டுமே என்று பயணத்திலேயே கிரேக்கப் புதிய ஏற்பாட்டை ஆராயத் தொடங்கினார். பதில் தேடப் போனவர் தாமே மாறினார். விசுவாசித்தவர் நீரில் மூழ்கிப் பெறுவதே ஞானஸ்நானம் என்று தெளிந்தார். 1812 செப்டம்பர் 6 அன்று கல்கத்தா லால் பஜார் ஆலயத்தில் அந்த மிஷனரிகளில் ஒருவரான வில்லியம் வார்ட் அவருக்கும் ஆனுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தத் தெளிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது: தம்மை அனுப்பிய சங்கத்திலிருந்து விலகினார், அந்நிய மண்ணில் ஆதரவற்று நின்றார். பின்னர் அதே முடிவுக்கு வந்த தோழர் லூதர் ரைஸ் தாயகம் திரும்பி ஆதரவு திரட்ட, 1814இல் அமெரிக்க பாப்டிஸ்டுகளின் மிஷனரி அமைப்பு உருவானது.

கைகூடாத பினாங்கு

கிழக்கிந்தியக் கம்பெனி வெளியேற ஆணையிட்டதால் மொரீசியஸ் போனார்கள். பினாங்கில் ஊழியம் தொடங்குவதே அப்போது அவர்கள் எண்ணம். மொரீசியஸிலிருந்து பினாங்குக்குக் கப்பல் இல்லாததால், 1813 ஜூனில் சென்னை வந்தார்கள், அங்கும் கிடைக்கவில்லை. தங்கினால் கம்பெனி நாடுகடத்தும். ரங்கூனுக்குப் புறப்பட நின்ற 'ஜார்ஜியானா'வில் ஏறினார்கள். வழியில் ஆன் பெற்ற குழந்தை பிழைக்கவில்லை. ஜூலை 13 அன்று ரங்கூன் சேர்ந்தார்கள்.

பர்மாவில்

முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். 1819இல் மௌங் நா அதைப் பெற்றார். 1824இல் ஆங்கிலேயர் – பர்மியர் போர் மூண்டதும் ஆவாவில் விலங்கிட்டுச் சிறைவைக்கப்பட்டார். கைக்குழந்தையோடு அலைந்து அவருக்கு உணவு கொண்டுசேர்த்தவர் ஆன். விவிலிய மொழிபெயர்ப்புப் படியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காத்தவரும் அவரே. 1826இல் ஆன் மறைந்தார். 1834இல் மொழிபெயர்ப்பு நிறைவுற்றது; திருத்திய பதிப்பு 1840இல் வெளிவந்தது. அடுத்து அகராதிப் பணியில் உழைத்தார்.

நோயுற்றுக் கடற்பயணம் மேற்கொண்டபோது வங்காள விரிகுடாவில் இறந்தார். உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. கல்லறை இல்லாத அவருடைய விவிலியத்தைப் பர்மியக் கிறிஸ்தவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.