ஓதிய மொழியும் உழைத்த மொழியும்

என் மாமி 1983இல் காத்தான்குடியிலிருந்து ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். குர்ஆனைத் தடையின்றி ஓதுவார். "ஒனக்கு அறபு தெரியும்தானே, என்ன பயம்?" என்று சொல்லித்தான் ஊரில் அனுப்பினார்களாம். வேலைக்குச் சேர்ந்த அன்று வீட்டுக்காரி "மோயா, மோயா" என்றிருக்கிறார். மாமிக்குத் தண்ணீர் என்றால் 'மாஉ'. "ஓதின மாஉ எனக்குத் தெரியும் மகன். அவ கேட்ட மோயா தெரியா. கிளாசு பக்கத்திலதான் இருந்திச்சி. முழிச்சிட்டு நிண்டன்" என்று இப்போதும் சொல்வார்.

இந்தப் பயணங்களின் வரலாறு நாம் அறிந்ததே. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகள் ஆட்களைத் தேடின. 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது. முதலில் மேசன்மாரும் சாரதிமாரும் போனார்கள். பின்னர் வீட்டுப் பணிப்பெண்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை உருவாக்கியது. மட்டக்களப்பு வாவிக்கரையில் யுத்தமும் ஆட்களை வெளியே தள்ளியது. 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அங்கிருந்த இலங்கையர் பலர் வெறுங்கையோடு திரும்பினர். மறுநாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த வாரமே ஏறாவூரிலும் படுகொலை நடந்தது. உழைப்பாளியை இழந்த வீடுகள், படுவான்கரையில் வயலுக்குப் போக முடியாத வீடுகள் பல இருந்தன. அவற்றுக்கு வெளிநாடுதான் வழியாயிற்று.

எமக்கும் அறபுக்கும் உள்ள உறவு பழையது. அறபு எழுத்தில் தமிழை எழுதி, அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகள் சமைத்தவர்கள் எம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'பத்ஹுத் தய்யான்' அறபுத்தமிழில் எழுந்த நூலே. ஆனால் எம் பிள்ளைகள் ஓதப்பள்ளியில் பெற்றது ஓசையும் எழுத்தும் மட்டுமே, பேச்சு அல்ல. குர்ஆனில் 'உன்ளுர்' என்றால் பார்; சவூதி அடுப்படியில் அது 'ஷூஃப்'. 'என்ன' என்பதற்கு ஓதலில் 'மாதா', அங்கே 'ஏஷ்'. செய்யுள் தமிழ் மட்டும் படித்த ஒருவரை ஏறாவூர்ச் சந்தையில் மீன் வாங்கிவரச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

போனவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் ஓர் உடைந்த அறபைப் பிடித்துக்கொண்டார்கள். 'ஃபீ' என்றால் இருக்கு, 'மாஃபீ' என்றால் இல்லை. வினைச்சொல்லுக்குக் காலமும் இல்லை, பாலும் இல்லை. வீடு கூட்ட, சோறாக்க, பிள்ளை பார்க்க அது போதும். கட்டளையைக் கேட்டு நடக்க நூறு சொல் போதும். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லவோ ஒரு முழு மொழி வேண்டும்.

அந்த முழு மொழி இல்லாததன் விலையை மூதூர் ரிஸானா நபீக் கொடுத்தார். 2005 மே மாதம் சவூதிக்குப் போனபோது அவருக்கு வயது 17. 1988இல் பிறந்தவரின் கடவுச்சீட்டில் 1982 என்றிருந்தது. சில வாரங்களுக்குள் அவர் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கையில் புரையேறியதாக அவர் கூறினார். ஆனால் விசாரணையில் முதலில் பெறப்பட்ட வாக்குமூலம் ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. அதை அவர் பின்னர் மறுத்தார். விசாரணையின்போது சட்டத்தரணி இல்லை. அவருடைய தமிழை அறபாக்கியவரின் தகுதி குறித்து மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. அந்த ஆளோ நாட்டைவிட்டே போய்விட்டார். 2007இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2013 ஜனவரி 9இல் அது நிறைவேற்றப்பட்டது. மொழி ஒன்றே காரணம் என்று நான் வாதிடவில்லை. வறுமை, போலி வயது, முகவர், சட்டம் எல்லாம் அதில் உண்டு. ஆயினும் ஒரு பிள்ளையின் உயிர் அவளுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் தங்கியிருந்தது என்பதை மறக்கலாகாது.

பணிப்பெண்களுக்கான பயிற்சியில் இன்று அறபும் இருக்கிறது. பாத்திரங்களின் பெயருக்கு முன்னால், "இது எனக்கு விளங்கவில்லை", "விளங்காமல் ஒப்பமிட மாட்டேன்", "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்னும் மூன்றையும் பேச்சு அறபில் கற்பிக்க வேண்டும். எமது பாடசாலைகளில் அறபு ஒரு பாடம். ஊர்தோறும் மத்ரஸாக்கள் உண்டு. இதைச் செய்ய எமக்கு இடமும் உண்டு, ஆளும் உண்டு.

இன்னொன்று. மாமியிடம் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. கேட்ட சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து, பக்கத்தில் பொருள் எழுதியிருக்கிறார். முதற்சொல் 'மோயா'. ஆலிம்கள் தமிழை அறபு எழுத்தில் எழுதினார்கள். இந்தப் பெண்கள் அறபைத் தமிழ் எழுத்தில் எழுதினார்கள். முன்னதை ஆய்வு செய்கிறோம். பின்னதைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுகிறோம். இப்படியொரு கொப்பி உங்கள் உம்மாவிடமோ ராத்தாவிடமோ இருந்தால் வீசிவிடாதீர்கள். அதுவும் எமது வரலாற்று ஆவணமே.