எட்டு மாத ஊழியம்

கிழக்கிலங்கையின் வாவியோர நகரான மட்டக்களப்பில் மெதடிஸ்த திருச்சபை வேரூன்றிய கதை, கடலில் நேர்ந்த இரு மரணங்களோடு தொடங்குகிறது. 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட குழுவின் தலைவர் தோமஸ் கோக், 1814 மே 3 அன்று நடுக்கடலில் மறைந்தார். குழுவில் ஒருவரான வில்லியம் ஓல்ட், அதே பயணத்தில் தம் மனைவியைப் பறிகொடுத்திருந்தார்.

ஜூன் இறுதியில் காலியில் கரையேறியவர்களுக்கு ஆளுநர் பிரவுண்றிக் ஒரு வழி காட்டினார்: ஆங்கிலம் கற்பிப்போருக்கு அரசின் உதவித்தொகை. ஆகவே, மட்டக்களப்புக்குள் திருச்சபை பள்ளிக்கூடத்தின் வாசல் வழியாகவே நுழைந்தது.

ஆகஸ்டில் அங்கு சென்ற ஓல்ட் பள்ளிகளைத் திறந்தார். எட்டே மாதங்கள்தாம். 1815 ஏப்ரல் 1 அன்று காலமானார். ஆயினும் 1814இல் அவர் தொடங்கிய பள்ளி, மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

உதவித்தொகையின் பின்னே காலனி ஆட்சியின் கணக்கு இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால், எழுத்தறிந்த பிள்ளை பின்னாளில் எதைப் படிப்பான், எதை எழுதுவான் என்பது எந்த ஆளுநரின் கணக்கிலும் அடங்குவதன்று. இத்தகைய திருச்சபைகளின் வரலாற்றை ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் தேடுவோர், பள்ளிக்கூட வரவுப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும்.