ஓர் அடி, பல எவரெஸ்டுகள்

வரைபடத்தில் கல்பாக்கத்தின் மேல் விரலை வைத்தால் அட்சரேகை 12 பாகை 33 கலையை ஒட்டி வரும். இந்தியாவில் வில்லியம் லாம்ப்டன் முதன்முதலாக அளந்த தீர்க்கரேகை வில்லின் நடு அட்சரேகை 12 பாகை 32 கலை. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கியவர் அவர். (சீனச் சக்கரவர்த்திக்கு அன்பளிப்பாகப் போய், அவர் வேண்டாமென்றதால் இந்தியாவுக்கு வந்துசேர்ந்த சங்கிலி அது!) அதன் பலத்தில், சென்னைக்கு வடக்கேயிருந்து கடலூரை அடுத்த திருவந்திபுரம் வரை ஏறத்தாழ 175 கிலோமீட்டர் வில்லை இந்தக் கரையோரமாகவே கணித்தார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு நீள்கோளத்தைப் பொருத்தி வெளியிட்டார். அதன் நெடிய அரையச்சு 2,09,22,931.80 அடி.

எந்த அடி? வில்லங்கம் இங்கேதான். 1821இல் ஹென்றி கேட்டர் (இளமையில் லாம்ப்டனின் கீழ்ப் பணியாற்றியவர்) பிரிட்டிஷ் அளவுகோல்களை ஒப்பிட்டபோதே லாம்ப்டனின் கோல் மற்றவற்றோடு முற்றிலும் ஒத்துப்போகவில்லை. பின்னர் மீட்டருக்கு மாற்றியவர்கள் ஆளுக்கொரு விகிதத்தைக் கையாண்டனர். 1937இன் சீரமைப்பில் ஓர் அடி 0.30479841 மீட்டர். 1962இல் பாகிஸ்தானுக்கு 0.3047996. 1975இல் இந்தியாவுக்கு 0.3047995. ஆறாவது தசம இடத்தில் வந்த வேறுபாடுதான். ஆயினும் அரையச்சு முறையே 63,77,276.345, 63,77,301.243, 63,77,299.151 மீட்டர் என்றாகிறது. முதலிரண்டுக்கும் இடையே 25 மீட்டர்!

கணினி யுகத்தில் குழப்பம் மென்பொருள் ஆவணங்களுக்குள் குடிபுகுந்தது. 63,77,301.243 என்னும் அதே எண்ணை ஈபிஎஸ்ஜி பதிவேடு ‘எவரெஸ்ட் 1830, 1962 வரையறை’ என்கிறது; புரோஜ் என்ற மென்பொருளின் பட்டியலோ ‘எவரெஸ்ட் 1956’ என்கிறது. வெறுமே ‘எவரெஸ்ட் 1830’ என்று எழுதிவைத்த கையேட்டை நம்பியவர் எந்த எண்ணை எடுத்தார் என்பதை யார் அறிவார்?

பழைய நிலஅளவைப் புள்ளிகளை ஜிபிஎஸ் அளவீடுகளோடு மீச்சிறு வர்க்க முறையில் பொருத்துபவருக்கு இது லேசில் தட்டுப்படாது என்பதே என்னை உறுத்துவது. தவறான நீள்கோளத்தை எடுத்தாலும், அச்சுகளின் நகர்வு அந்த 25 மீட்டரை விழுங்கிவிடும். மிஞ்சுவது பத்து லட்சத்தில் நான்கு பங்கு. லாம்ப்டனின் 175 கிலோமீட்டருக்கும் சேர்த்து 70 சென்டிமீட்டர். ஏழு அளவுருக்களைக் கொண்ட பொருத்தமாயின் அளவுகோல் காரணி அதையும் மறைத்துவிடும். எச்சப் பிழைகள் அழகாகவே இருக்கும்.

அந்த அளவுருக்களை வாங்கிய இன்னொருவர், பெயரை மட்டும் பார்த்து வேறோர் எவரெஸ்டோடு சேர்த்தால்தான் குட்டு வெளிப்படும். அப்போது கிடைமட்டத்தில் பெரிதாக ஒன்றும் நகராது. உயரம் 25 மீட்டர் பிசகும். கல்பாக்கத்துக் கரையோ கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான்.