மெஸ்மரிசம்: ஒரு மருத்துவரின் பெயர் சொல்லான கதை

மனத்தைக் கட்டிப்போடுவதைக் குறிக்கும் மெஸ்மரிசம் என்ற சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் 1734இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே இட்ஸ்னாங் என்ற சிற்றூரில் பிறந்தார். வியன்னாவில் மருத்துவம் படித்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்பொருள் உலகெங்கும் நிறைந்திருக்கிறது, உடலுக்குள் அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய் என்பது அவருடைய கொள்கை. அந்த ஆற்றலை உயிர்க்காந்தம் என்றார்.

1778இல் பாரிஸ் சென்றபின் அவர் புகழ் பரவியது. நீரும் இரும்புத்தூளும் நிரப்பிய பெரிய மரத்தொட்டியைச் சுற்றி நோயாளிகள் அமர்வார்கள். தொட்டியிலிருந்து நீளும் இரும்புக்கம்பிகளை நோயுள்ள இடத்தில் வைத்துக்கொள்வார்கள். இசை ஒலிக்கும், மெஸ்மர் ஊதாப் பட்டங்கியில் வலம் வருவார். சிலருக்கு வலிப்பு வரும், சிலர் அழுவார்கள்.

1784இல் மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியரும் அதில் இருந்தனர். பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றி, கண்கட்டிய சிறுவன் ஒருவனை மரம் மரமாக அழைத்துப் போனார்கள். காந்தம் ஏற்றாத நான்காவது மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான். எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியானதே. ஆனால் வெறும் கற்பனை ஓர் உடலை எப்படிச் சாய்த்தது என்ற கேள்வியை, இந்த வரலாற்றிலேயே முக்கியமான கேள்வியை, குழு தொடரவில்லை.

மெஸ்மர் 1815இல் இறந்தார். அவர் முறை இறக்கவில்லை. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் நோயாளிகளை இம்முறையில் மயக்கத்தில் ஆழ்த்தி, பெருங்கட்டிகளை அறுத்து அகற்றினார். மறு ஆண்டு கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஈதரும் குளோரோபாமும் வந்ததும் அந்தத் தேவை மங்கியது.

விடுபட்ட கேள்விக்கு விடை தேடியவர் மான்செஸ்டர் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு. பளபளப்பான ஒரு பொருளையே இமைக்காமல் பார்க்கச் செய்தாலே மயக்கநிலை வருவதைக் கண்டார். பாய்பொருளும் இல்லை, காந்தமும் இல்லை. ஒரே புள்ளியில் குவிந்த கவனமே காரணம் என்றார். 1843இல் வெளிவந்த நூலில், உறக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாடிசம் என்ற பெயரை நிலைநிறுத்தினார்.

மருத்துவம் புதுப்பெயரை எடுத்துக்கொண்டது. பழைய பெயர் பொதுப்பேச்சுக்குப் போய், குரலாலோ பார்வையாலோ பிறரைச் சொக்கவைப்பதைக் குறிக்கலாயிற்று. தமிழிலும் இந்தப் பிரிவு உண்டு. திருமாலின் யோகநித்திரையைக் குறித்த அறிதுயில் என்ற பழஞ்சொல் ஹிப்னாடிசத்துக்கு வழங்குகிறது. ஒருவர் பேச்சில் ஊரே மயங்கினால், “மெஸ்மரிசம் பண்ணிவிட்டார்” என்கிறார்கள்.