நுழைவாயில் என்னும் பெயருடைய ஊர்



தமஸ்குவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், கலமூன் மலைச்சரிவில் மாலூலா என்னும் சிற்றூர் உள்ளது. அரமேய மொழியில் இப்பெயருக்கு 'நுழைவாயில்' என்று பொருள் கூறுவர். ஊரை ஒட்டிய மலைப்பாறையின் நடுவே குறுகிய கணவாய் ஒன்று செல்கிறது. பவுலின் சீஷியாகிய தெக்லாள் துரத்தப்பட்டு வந்து ஜெபித்தபோது கர்த்தர் அம்மலையைப் பிளந்தார் என்பது அவ்வூராரின் பாரம்பரியம். வேதத்தில் இது இல்லை.

நம் ஆண்டவர் பேசிய அரமேயம், 7ஆம் நூற்றாண்டுக்குப் பின் சிறிது சிறிதாக அரபிக்கு இடங்கொடுத்தது. அதன் மேற்குக் கிளை மாலூலாவிலும் அண்டையிலுள்ள இரண்டு ஊர்களிலும் மாத்திரமே நிலைத்தது. அவ்விரு ஊர்களிலும் அதைக் காத்தவர்கள் இஸ்லாமியர்.

2013 செப்டம்பரில் போர் மாலூலாவுக்குள் புகுந்தது. ஆலயங்கள் சேதமுற்றன, ஜனங்கள் சிதறினர். 2014 ஏப்ரலுக்குப் பின் சிலரே திரும்பினர். நகரங்களில் வளரும் பிள்ளைகளின் நாவில் அரபியே மிகுகிறது.

கெத்செமனேயில் ஆண்டவர் பிதாவை அழைத்த 'அப்பா' என்பதும் அரமேயச் சொல்லே. அம்மொழியை அவ்வூரார் தலைமுறைதோறும் வீட்டில் பேசியே காத்தனர். நம் விசுவாசமும் வீட்டில் பேசப்படாவிடில் பிள்ளைகளைச் சேராது. இன்றிரவு குடும்ப ஜெபத்தில் மாலூலாவை நினைவுகூருவோமாக.